மூன்றாவது ஸ்பிரிங்

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடித்த காற்றில், லோத்குண்டாவில் ஜெயசுந்தரி வீட்டு வேப்பமரம் வேரோடு சாய்ந்து போர்வெல் கொட்டகையின் மேல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் கொட்டகைக்குள் குழாய் முறிந்துவிட்டது. அடிமரம் குறுக்கே கிடந்ததால் பிளம்பரால் உள்ளே நுழைய முடியவில்லை. மேல்தொட்டித் தண்ணீர் மறுநாள் மதியத்தோடு தீர்ந்தது. மரம் வெட்டுகிறவர்கள் ஊர் முழுக்க வேலையாக இருந்தார்கள். ஜூன் பிறக்கட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

"நம்ம வீட்டுலதான் மெஷின் ரம்பம் இருக்கே" என்றாள் ஜெயசுந்தரி.

அவள் கணவர் ஜெயகரன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அத தொடாத. தூக்கிப் போட வேண்டிய சாமான்."

அந்த ரம்பம் ஜெயகரனின் அப்பா, ராணுவத்தார் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. சிவப்பு நிறம், வெளிநாட்டுத் தயாரிப்பு, தூக்கினால் எட்டு கிலோ இருக்கும். சர்ச் வளாகத்து மரம், கல்லறைத் தோட்டத்து மரம், தெருவில் யார் வீட்டுக் கிளை என்றாலும் அதுதான் போய் வந்தது. அவர் காலமான பிறகு அது மகன்கள் கைக்கு வந்தது. பதினாலு வருஷத்துக்கு முன் ஜெயகரனின் தம்பி ஜாய்சனின் இடது தொடையை அது கிழித்தது. அன்றைக்குச் சாக்குப் பையில் கட்டிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்ததுதான்.

ஜாய்சன் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். தசையோடு நரம்பும் அறுபட்டதில் கால் பழையபடி ஆகவில்லை. அதே பள்ளியில் ஆபீஸ் வேலைக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "நான் கையை எடுத்துட்டேன், செயின் நிக்கலை" என்பதுதான். ஜெயகரன் கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மெஷின் தானா ஓடுமால? ஒனக்குக் கவனம் இல்ல. எப்பவுமே இல்ல." அத்தோடு சரி. ஜாய்சன் மல்லாபூருக்கு வீடு மாறினான். அண்ணனும் தம்பியும் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் தலையாட்டிக்கொள்வார்கள். கிறிஸ்துமஸ் பலகாரத்தை ஜெயசுந்தரியின் மகள் எமி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

ஜெயசுந்தரி பாலாநகரில் விமான ரேடியோக்கள் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்துமூன்று வருஷம் பரிசோதனைப் பிரிவில் இருந்துவிட்டு, போன வருஷம் ஓய்வு பெற்றவள். ஓடாத ஒன்றை மேஜைமேல் வைத்து ஏன் ஓடவில்லை என்று கேட்பதுதான் அவளுடைய அத்தனை வருஷப் பிழைப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை. இந்த இரண்டையும் அவள் சமையலில்கூட விட்டதில்லை. வியாழக்கிழமை காலை சாக்கைப் பிரித்தாள். ஜெயகரன் எழுந்து உள்ளே போய்விட்டார். கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டாங்கியில் பெட்ரோல் காய்ந்து பிசினாக அப்பியிருந்தது. பெட்ரோல் குழாய் தொட்டதும் உதிர்ந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். மெல்லிய நீலப் பொறி வந்தது. அது அவளுக்குப் பாதி வெற்றி. கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே இருந்த ரப்பர் தாள் பொரிக்காத அப்பளம் போல விறைத்துக் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைகள் இருக்கும் ராணிகஞ்சுக்குப் போனாள். மூன்றாவது கடையில் பெரியவர் ஒருவர் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "கைக்கு மேடம் இத்னா மெஹனத்? நயா லே லோ" என்றார்; இத்தனை பாடு எதற்கு, புதிதே வாங்கலாமே என்று கண்ணாடிக்குள் இருந்த புது மெஷினைக் காட்டினார்.

"நக்கோ பாய், வேண்டாம். இதே சைஸ் இருக்கா, பாருங்க" என்றாள் ஜெயசுந்தரி, பாதி உருதுவும் பாதி தமிழுமாக. அவர் பழைய டப்பா ஒன்றைக் கவிழ்த்து, வேறு மெஷினுக்கு வருகிற தாளைத் தேடி எடுத்தார். சரியாகப் பொருந்தியது.

சனிக்கிழமை மதியம் பதினோராவது இழுப்பில் மெஷின் பிடித்தது. மொட்டை வெயிலில் அந்தச் சத்தம் கேட்டு எமி லேப்டாப்பை மூடிவிட்டு ஓடி வந்தாள். "மம்மி, ஆர் யூ சீரியஸ்?"

ஐந்து நிமிஷம் ஓடி, பெருமூச்சு விட்டது போல நின்றது. பத்து நிமிஷம் ஆறவிட்டால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பொறியைத் தருகிற காயில் சூட்டில் பழுதாகிறதோ என்று, நின்ற உடனே பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பொறி இருந்தது. அப்படியானால் பெட்ரோல் வரவில்லை. அடுத்த தடவை நின்றபோது டாங்கி மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. மூடியில் காற்றுக்காக இருக்கும் சின்னத் துளை அழுக்கில் அடைந்திருந்தது. தையல் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தாள். அதன் பிறகு மெஷின் டாங்கி தீரும்வரை நிற்காமல் ஓடியது.

வெட்டுகிற செயினையும் அது சுற்றி ஓடுகிற பாரையும் மாட்டி ஓட்டியபோதுதான் அது நடந்தது. முடுக்கிவிட்டு விரலை எடுத்தாள். இன்ஜின் தணிந்தது. செயின் நிற்கவில்லை. சோம்பலாக, ஆனால் விடாமல், சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜெயசுந்தரி மெஷினை அணைத்துத் தரையில் வைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஜாய்சனின் குரல் அப்படியே காதில் வந்தது.

இன்ஜினின் அடிவேகம் கூடுதலாக இருந்தாலும் இப்படி ஆகும் என்று அந்தத் திருகைக் குறைத்துப் பார்த்தாள். இன்ஜின்தான் அணைந்ததே தவிர, செயின் அதற்கு முன்னால் நிற்கவில்லை. மீதி இருந்தது கிளச். அதன் மரை தலைகீழ், வலப்பக்கமாகத் திருகினால்தான் கழலும். அது புரியவே அரைமணி நேரம் பிடித்தது. உள்ளே மூன்று கட்டைகள். இன்ஜின் வேகமெடுத்தால் அவை விரிந்து செயினைச் சுற்றும் உருளையைப் பிடிக்கும். வேகம் தணிந்தால் மூன்று ஸ்பிரிங்குகள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு ஸ்பிரிங்குகள் கறுத்து, முறுக்கோடு இருந்தன. மூன்றாவது வேறு. நீளம் கூடுதல், தொளதொளவென்று இருந்தது. இரண்டு முனையிலும் கொக்கி இல்லை. மெல்லிய கம்பியால் இரண்டரைச் சுற்று முறுக்கி, நுனியை உள்பக்கம் மடித்திருந்தது.

அந்த முறுக்கை அவளுக்குத் தெரியும். கொடிக்கம்பி, குடைக்கம்பி, எமியின் பள்ளிக்கூடப் பை வார், வீட்டில் முப்பத்தைந்து வருஷமாக எது அறுந்தாலும் ஜெயகரன் அப்படித்தான் கட்டுவார். நுனி யார் கையையும் கிழித்துவிடக் கூடாது என்று உள்ளே மடித்துவிடுவார்.

கிளச்சைத் தட்டில் வைத்து, சாப்பாட்டு மேஜையில் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"இது எப்ப போட்டது?"

"அவனுக்கு அடிபட்டதுக்கு முந்தின மாசம். அந்த ஸ்பிரிங் எங்கயும் கிடைக்கல. ரெண்டு நாள் ஓடுனாப் போதும்னு போட்டேன்."

"மாத்த மறந்துட்டீங்க."

"மறந்துட்டேன்."

"அவனுக்கு அடிபட்ட அன்னைக்குக்கூட ஞாபகம் வரலையா?"

ஜெயகரன் தட்டைத் தள்ளி வைத்தார். "ஆஸ்பத்திரில அவன் சொன்னப்பவே ஞாபகம் வந்துட்டு, சுந்தரி. அதுக்குள்ள என் வாய் முந்திட்டு. எல்லாரும் நின்னாங்க. பெறகு சொல்லிக்கலாம்னு இருந்தேன். பெறகுன்னு ஒண்ணு வரவே இல்ல."

ஜெயசுந்தரிக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்தது பெரிதாக இருந்தது. தினமும் நாற்பது பெட்டிகளைத் திறந்து குற்றம் கண்டுபிடித்தவள், வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சாக்கை ஒருநாளும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. ஜாய்சன் சொன்னது உண்மையா என்று சோதித்துப் பார்க்க அரைநாள் போதும். அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு அவளும் கொழுந்தனிடம், "இனிமேலாவது பாத்து நடங்க தம்பி" என்றுதான் சொன்னாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லுதேன். நீ கூட வா."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கிளச்சைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு இருவரும் ஆட்டோவில் மல்லாபூர் போனார்கள். கதவைத் திறந்த ஜாய்சன், அண்ணனைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டான். "மதினி, என்ன ஆச்சு?" என்று அவளைத்தான் கேட்டான்.

ஜெயகரன் நின்றபடியே சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியிலேயே ஞாபகம் வந்தது உட்பட. ஜாய்சன் ஸ்பிரிங்கை விரலால் இழுத்துப் பார்த்தான். அது இழுத்த இடத்திலேயே நின்றது.

"அப்ப நான் கையை எடுத்துட்டேன்."

"எடுத்துட்ட."

"நாலஞ்சு வருஷத்துக்குப் பெறகு எனக்கே சந்தேகம் வந்துட்டுண்ணே. ஒருவேள எடுக்கலையோன்னு. பைக்கை வித்துட்டேன். பிள்ள பிறந்தப்ப மாடிப்படில தூக்கிட்டு ஏறமாட்டேன். என் கைய நானே நம்பல." அவன் குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு ஆஸ்பத்திரில யார் யார் நின்னாங்க, ஞாபகம் இருக்கா? அம்மா, மதினி, வரதராஜன் சார், பாஸ்டர் ஐயா, அன்னம்மா அத்த. அம்மா போயிட்டாங்க. மதினிக்குத் தெரிஞ்சுட்டு. மீதி மூணு பேர்ட்டயும் நீங்களே சொல்லணும்."

"சொல்லுதேன்."

"சரி. இன்னைக்குப் போயிட்டு வாங்க."

காபிகூடக் கொடுக்கவில்லை. ஜெயசுந்தரி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

குன்னூரில் எஸ்டேட் மெஷின்களைப் பழுது பார்க்கிற ஒருவரை எமி இணையத்தில் தேடிப் பிடித்தாள். அவர் அனுப்பிய மூன்று ஸ்பிரிங்குகள் ஐந்தாம் நாள் வந்தன. ஜெயசுந்தரி மூன்றையுமே மாற்றினாள். விரலை எடுத்ததும் செயின் அங்கேயே நின்றது. இருபது தடவை முடுக்கி, இருபது தடவையும் நின்றதை எழுதிக்கொண்டு, பிறகுதான் மரத்துக்குப் போனாள். புது மெஷின்களைப் போல இதில் செயினைப் பிடித்து நிறுத்தும் பிரேக் கிடையாது. அதனால் தோளுக்கு மேல் எதையும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்தாள். காலுக்குத் தடித்த உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டாள்.

கொட்டகை வாசலில் குறுக்கே கிடந்த பாகத்தைத் துண்டாக்கிக்கொண்டிருந்தபோது கேட் திறந்தது. ஜாய்சன் காலை இழுத்தபடி வந்து எதிரே நின்றான். அவள் மெஷினை அணைக்கப் போனாள்.

"அணைக்காதீங்க மதினி. முடுக்கிட்டு விடுங்க, பாக்கணும்."

விட்டாள். செயின் நின்றது. "இன்னொரு தடவ" என்றான். நான்காவது தடவைக்குப் பிறகு தலையை ஆட்டினான். மெஷினை அவன் கையில் வாங்கவில்லை, அவளும் நீட்டவில்லை. வெட்டிய துண்டுகளை ஜெயகரன் உருட்ட, மறுமுனையை ஜாய்சன் பிடித்தான். குழாயைப் பற்றியும் பிளம்பரைப் பற்றியும் நாலு வார்த்தை பேசிக்கொண்டார்கள். பிளம்பர் வந்து குழாயைப் பொருத்த, சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் ஏறியது.

சொன்னபடி ஜெயகரன் மூன்று பேரையும் பார்த்தார். பக்கத்துத் தெருவில் இருந்த வரதராஜன், "அட, அதெல்லாம் எனக்கு மறந்தே போச்சு சார்" என்றார். இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று ஜெயகரனுக்கு அவமானமாக இருந்தது. ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்ட பாஸ்டர், போனிலேயே ஜெபம் பண்ணினார். கடைசியாகப் பொலாரத்தில் ஒரு முதியோர் விடுதியில் இருந்த அன்னம்மாள் அத்தை. ஜெயசுந்தரியும் கூடப் போனாள். அத்தைக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. ஜெயகரன் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"என்னல முணுமுணுக்க? சத்தமாச் சொல்லு."

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். அத்தை கையை விரித்தாள். வேறு வழியில்லாமல் ஜெயகரன் நிமிர்ந்து நின்று, கூடத்தில் இருந்த இருபது பேரும் திரும்பிப் பார்க்க, தொண்டை கிழியக் கத்தினார்: "ஜாய்சன் மேல தப்பு இல்ல! நான்தான் ஸ்பிரிங்க தப்பாப் போட்டேன்! தெரிஞ்சே மறைச்சேன்!"

அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பயகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்!"

"அப்ப உக்காரு. நிக்காத" என்று கட்டிலில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.