எழுந்து நின்று கைதட்டுவார்கள்

ஆர்டிஸ் பின்னோக்கித்தான் நடப்பாள். எங்கள் சட்டசபைக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு முகம் காட்டியபடி, பளிங்குப் படிகளில் முதுகுப் பக்கமாகவே ஏறுவாள். வாய் ஓயாது. குவிமாடம் எவ்வளவு உயரம், சுவரில் இருக்கிற குதிரைக்காரன் யார், மேல்தளத்து எந்த ஜன்னலில் நின்றால் மிஸ்ஸோரி ஆறு வளைவது தெரியும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் கட்டடம்தான் அவளுக்கு வீடு.

நான் ஆர்லோ. சபை கூடும் குளிர்கால மாதங்களில் பார்வையாளர் மாடத்து வாசலில் நிற்பவன். விவசாயத்தை விட்ட கிழவர்களைப் பிடித்துச் சிவப்புக் கோட்டு மாட்டி அங்கே நிறுத்துவார்கள். சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று என் மனைவி கேலி செய்வாள். அங்கே நடக்கிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது.

வழிகாட்டிகள் மசோதாக்களைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். ஆர்டிஸ் அதை ஒரு நாளும் மீறியதில்லை. யார் என்ன கேட்டாலும், "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த தூணைக் காட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் மாசிக் குளிரோடு ஒரு மசோதா வந்தது. பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிக்கூடங்களை மூடிவிட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்ப்பது. அதில் ஹாவ்லின் பள்ளியின் பெயரும் அடிபட்டது. ஆர்டிஸ் பிறந்து வளர்ந்த ஊர் அது. அவளுடைய ஒரே மகள் மாரிட் அங்கேதான் நாலாம் வகுப்பு டீச்சர். பள்ளியை மூடினால் அந்தப் பொடிசுகள் பனிக்காற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். மாரிட்டுக்கு வேலை போகும். அவள் வேலை தேடித் தூரத்து டென்வர் நகரத்துப் பக்கம் போய்விடுவாள்.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுக் கடையில் தாயும் மகளும் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"டுவெயின் ஹெல்கர் நம்ம தொகுதி மெம்பர்தானே? உன்னோட சர்ச்சுலதானே பாடுறாரு? ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா?"

"நான் கட்டடத்தைக் காட்டுறவ மாரிட். உள்ள நடக்கிறதுல மூக்கை நுழைக்கக் கூடாது."

"அப்ப அந்தக் கட்டடத்தையே கட்டிக்கிட்டு அழு."

மாரிட் விருட்டென்று எழுந்து போனாள். ஆர்டிஸ் ஆறிப்போன காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம்தான், ஆனாலும் மனசு கஷ்டமாக இருந்தது.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வசந்தத்தில் தலைநகரைப் பார்க்க வருவது எங்கள் மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. காலையில் ஆற்றங்கரை, பிறகு எங்கள் கட்டடம், கடைசியில் பார்வையாளர் மாடம். அவர்களுடைய தொகுதி உறுப்பினர் எழுந்து ஊர்ப் பேரைச் சொல்வார். சபையே எழுந்து நின்று, மாடத்தை அண்ணாந்து பார்த்துக் கைதட்டும். ஹாவ்லின் பிள்ளைகளுக்கான நாளை இலையுதிர் காலத்திலேயே குறித்துவிட்டார்கள். மசோதாவும் அன்றைக்கே ஓட்டெடுப்புக்கு வந்து விழும் என்று யார் கண்டது?

மத்தியானம் நடக்க வேண்டிய ஓட்டெடுப்பை முன்னுக்குத் தள்ளி, பிள்ளைகள் மாடத்தில் இருக்கும் நேரத்துக்கு மாற்றினார்கள். சபை உதவியாளர் ஒருவர் மாடிப்படி ஏறி வந்து என் காதைக் கடித்தார். "கைதட்டி முடிச்சதும் பிள்ளைங்களக் கீழ அனுப்பிடுங்க. பார்க்க நல்லா இருக்காது."

நான் போய் ஆர்டிஸிடம் சொன்னேன்.  அவள் கூட்டி வந்திருந்த ஹாவ்லின் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, தானும் நடுவில் உட்கார்ந்தாள். சுற்றிக் காட்டும்போது அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இது பொதுஜன நாற்காலி ஆர்லோ. தினமும் நான்தானே சொல்றேன்."

"உன் வேலைக்கு நீயே உலை வெச்சுக்காத."

"போனாப் போகட்டும். இந்தப் பிள்ளைங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு டுவெயின் அந்த ஓட்டுப் பொத்தானை அமுக்கட்டும், பார்ப்போம்."

 வரிசை ஓரத்தில் மாரிட் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டுவெயின் எழுந்தார். "நம்ம மாநிலத்தோட எதிர்காலம் மேல உக்காந்திருக்கு. என் தொகுதியோட தங்கங்க, ஹாவ்லின் பிள்ளைங்க!" சபை மொத்தமும் எழுந்து படபடவென்று கைதட்டியது. பிள்ளைகள் துள்ளி எழுந்து கையை ஆட்டின. ஒரு பையன் குனிந்து குனிந்து வணக்கம் வைத்தான். கீழே எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து எழுத்தர் மசோதாவின் எண்ணை மட்டும் கடகடவென்று வாசித்தார். பள்ளிக்கூடம் என்ற சொல்லே வரவில்லை. சுவர்ப் பலகையில் உறுப்பினர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் விளக்குகள் எரியத் தொடங்கின. ஆமாம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. அங்கங்கே சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. டுவெயின் பெயருக்கு எதிரே மட்டும் வெகுநேரம் இருட்டாக இருந்தது. அவர் ஒரு தடவை மேலே பார்த்தார். ஆர்டிஸ் கண் இமைக்கவில்லை. 

பச்சை எரிந்தது.

"நம்ம ஆளு! பச்சை!" என்று ஒரு பிள்ளை கத்தியது. அவ்வளவுதான், பதினோரு பிள்ளைகளும் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தன. சற்று முன் தங்களுக்குச் செய்த மரியாதையை அப்படியே திருப்பிச் செய்தன. மாடத்தில் கைதட்டக் கூடாது. அதை அடக்குவதுதான் என் வேலை. நான் அடக்கவில்லை. கீழே ஒருவரும் தலை தூக்கவில்லை.

மாரிட்டின் முகம் வெளுத்துவிட்டது. "எதுக்கும்மா இதுங்கள உக்கார வெச்ச?" என்றாள். 

ப்ரின்லி என்ற பல் விழுந்த பெண்குழந்தை ஆர்டிஸின் கையை உலுக்கியது. "ஆன்ட்டி, நாம என்ன ஜெயிச்சோம்?"

இந்தக் கேள்விக்குக் காட்டுவதற்கு ஆர்டிஸிடம் தூண் ஏதும் இல்லை.

"ஜெயிக்கல கண்ணு. உங்க ஸ்கூலை மூடுறதுக்கு ஓட்டுப் போட்டாங்க."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. குழந்தை கீழே பார்த்தது, பலகையைப் பார்த்தது, மறுபடி ஆர்டிஸைப் பார்த்தது.

"அப்ப எதுக்கு நமக்காக எழுந்து நின்னு கைதட்டினாங்க?"

"அது இங்க வழக்கம்" என்றாள் ஆர்டிஸ்.