ஏலக்காட்டில் காம்பஸ் நிறுத்திய நாள்

சரிவில் காம்பஸை மட்டமாக நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். போடியில் நிலம் அளந்து கொடுக்கும் ஆபீஸில் எனக்கு வரைபடம் போடுகிற வேலை. வழக்கமாக அளக்கப் போகும் எங்கள் சாருக்குக் கால் பிசகிவிட்டதால், போடிமெட்டுக்கு மேலே அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரிக்கும் ஏலக்காட்டை அளக்க என்னை அனுப்பினார். குறி பார்க்கும் கம்பைப் பிடிக்க ஆபீஸ் செல்வியக்கா. மரக்கூட்டத்துக்குள் சாட்டிலைட் மெஷின் வேலைக்காகாது, காம்பஸ்தான். கணக்கு ஒத்து வந்தால் மலைச் சோலி இனி எனக்கு. வராவிட்டால் பழையபடி மேஜைக்கு.

கல் விழுந்த இடம்

சருகு மண்ணில் ஸ்டாண்டின் ஒரு கால் புதைந்துகொண்டே போனது. இரண்டு காலைப் பள்ளத்துப் பக்கமும் ஒன்றை மேட்டுப் பக்கமும் மிதித்து ஊன்றினேன். தரையில் அடித்த முளைக்குச்சிக்கு நேர் மேலே காம்பஸ் இருக்கிறதா என்று பார்க்க, காம்பஸின் அடியிலிருந்து சின்னக் கல்லை நழுவ விட வேண்டும். கல் இந்தப் பக்கம் விழுந்தது, அந்தப் பக்கம் விழுந்தது. காலை நகர்த்தி, மட்டம் பார்த்து, மறுபடி விட்டேன். குச்சித் தலையிலேயே டொக்கென்று விழுந்தது. அதுவரை பொறுத்திருந்த அண்ணன்காரர் கேட்டார்: "ஏத்தா, காடளக்க வந்தியா, தட்டாங்கல்லு ஆட வந்தியா?"

முள்ளுக்கு என்ன கோளாறு

முதல் குச்சியிலிருந்து இரண்டாவதைப் பார்த்த கோணமும், அங்கே போய்த் திரும்பிப் பார்த்த கோணமும் நேர் எதிராக வர வேண்டும். வரவில்லை. பக்கத்தில் இரும்பு இருந்தால் காம்பஸ் முள் இழுபடும் என்பதால், இடுப்பில் வாக்கத்தி செருகியிருந்த அண்ணன் தம்பியைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அப்படியும் வரவில்லை. வேறு ஆளைக் கூட்டி வரலாம் என்று அண்ணன்காரர் தம்பியிடம் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

குனிந்தேன். முள் என் பக்கம் அசைந்தது. நிமிர்ந்தேன், விலகியது. என்னைப் போன்ற பிள்ளைக்காரியின் தாலிக் கயிற்றில் என்ன தொங்கும்? ஒரு கொத்து ஊக்கு! எல்லாவற்றையும் கழற்றிச் செல்வியக்காவிடம் கொடுத்துவிட்டு, முதல் குச்சியிலிருந்தே புதிதாகப் பார்த்தேன். இரண்டு கோணமும் அச்சாக ஒத்து வந்தன. அக்கா ஊக்கை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்: "வீட்டுல பிள்ளைதான் உன் பின்னாடியே திரியுதுன்னா, முள்ளுமா ஆத்தா?"

கோடு சேர்ந்தது

குச்சிக்குக் குச்சி கோணமும் தூரமும் குறித்தபடி காட்டைச் சுற்றி வந்து, ஜீப்பு பானெட்டில் தாளை விரித்து வரைந்தேன். கடைசிக் கோடு முதல் புள்ளியைத் தொடாவிட்டால் அளந்தது அத்தனையும் வீண். பென்சில் அந்தப் புள்ளியிலேயே போய் நின்றது. அண்ணன்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, பாகக் கோட்டை எங்கே போடலாம் என்று இருவரும் என்னிடமே கேட்டார்கள். இந்தத் தொழிலில் முள் அடங்க ஒரு நிமிடம் போதும், சுற்றி நிற்பவர்கள் அடங்கத்தான் ஒரு பகல் வேண்டும். அண்ணன்காரர் அங்கிருந்தே சாருக்குப் போன் போட்டார்: "மேல்காட்டையும் அளக்கணும் சார். நீங்க ரெஸ்ட் எடுங்க, இந்தப் பிள்ளையவே அனுப்பி விடுங்க."