ஓடைப்பக்கத்து நீலச் சேலை

புரட்டாசி, ஐப்பசியில் வெம்பக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள், மானாவாரிக் காடுகளைச் சுற்றி யாரோ சேலை காயப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். காயப்போட்டதில்லை. மக்காச்சோளத்துக்குக் காவல். காட்டுப்பன்றிக்குச் சேலை ஆகாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. படபடவென்று அடிப்பதற்குப் பயப்படுகிறதா, மனுஷ வாடைக்குப் பயப்படுகிறதா என்று பன்றியிடம் கேட்டவர் யாருமில்லை. எங்கள் காட்டில் முதன்முதலாகச் சேலை கட்டிய வருஷம் நான் நான்காம் வகுப்பு.

அம்மா வெடிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே பருத்திச் சேலைதான் உடுத்திப் போக வேண்டும். நைலான், பாலியஸ்டர் ஒன்றோடொன்று உரசினால் கண்ணுக்குத் தெரியாத பொறி பறக்குமாம். வெடிமருந்து பற்றிக்கொள்ள அது போதும். கேட்டில் நிற்கிற அக்கா தினமும் ஒவ்வொருத்தி முந்தானையையும் விரலால் தேய்த்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். ஆனால் சொந்தக்காரர்கள் கல்யாணம், காதுகுத்து என்று எடுத்துக் கொடுப்பதெல்லாம் வழுவழுப்பான பாலியஸ்டர் பூனம் சேலைகள்தான். அதனால் தினம் உடுத்த அம்மாவுக்கு வெளுத்துப்போன நாலு பருத்திச் சேலை. தகரப் பெட்டிக்குள் மடிப்புக் கலையாத பன்னிரண்டு பளபளப்புச் சேலை.

எனக்கு எதை நினைத்தாலும் முதலில் கெட்டதுதான் தோன்றும். அந்த வயதிலேயே அப்படித்தான். எங்கேயாவது டமார் என்று கேட்டால், அது கல்யாண வீட்டு வெடியாக இருந்தாலும், கம்பெனி இருக்கும் திசையில் புகை தெரிகிறதா என்று வாசலில் வந்து பார்ப்பேன். சாயங்காலம் கம்பெனி வண்டி அம்மாவை இறக்கிவிடும்வரை வாசலைவிட்டு நகர மாட்டேன். அம்மா இன்றும் நன்றாக இருக்கிறாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிற நீங்களும் என்னைப்போல் பயந்துகொண்டே படிப்பீர்கள்.

அந்த வருஷம் விதைப்புக்கு முன்னால் அப்பா சொன்னார், "சோளம் மட்டும் வீடு வந்து சேரட்டும். அப்புறம் நீ கம்பெனிக்குப் போக வேண்டாம்." அம்மா விதையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் காட்டில் முளைப்பது சோளம் இல்லை, அம்மா வீட்டில் இருக்கப்போகிற நாட்கள் என்றே நினைத்தேன்.

விதைத்த மூன்றாம் நாள் பன்றி இறங்கிவிட்டது. சால் பிடித்தாற்போல, கோடு தப்பாமல், ஒரு விதை விடாமல் கிளறித் தின்றிருந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுவிதைப்புக்குத்தான் கையில் விதை இருந்தது. அதுவும் போனால் அடுத்த வருஷம்தான்.

சித்தப்பா அணையில் மீன் பிடிக்கிறவர். அவருடைய பழைய நைலான் வலை ஒன்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "கெண்டையே தப்பாத வலைண்ணே. பன்னி எம்மாத்திரம்?" என்றார். மறுபடி விதைத்ததும் அண்ணனும் தம்பியும் குச்சி ஊன்றி ஓடைப்பக்கம் முழுவதும் கட்டினார்கள். இரண்டு நாள் பன்றி வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் வலையில் ஒரு பெட்டை மயில் காலும் இறக்கையும் பின்னிக்கொண்டு கிடந்தது. இழுக்க இழுக்க நூல் இறுகியது.

மயில் செத்தால் ஜெயில் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். அப்பாவைப் போலீஸ் கொண்டுபோவதுவரை நான் மனசுக்குள் பார்த்து முடித்துவிட்டேன். அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று மயிலைவிட அதிகமாக நடுங்கினார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, அம்மா வீட்டில் இருந்தாள். வந்தாள். பழைய பருத்திச் சேலையை மயில் தலைமேல் போட்டாள். கண் மறைந்ததும் அது அடங்கியது. இடுப்பில் செருகி வந்த கத்தரிக்கோலை எடுத்து, வலையின் ஒவ்வொரு கண்ணாக நூலை அறுக்கத் தொடங்கினாள்.

"மதினி, கண்ணு கண்ணா அறுக்கீகளே. ஓரமா நாலு நூலு அறுத்தாப் போதாதா?" என்றார் சித்தப்பா.

"மயிலுக்குச் சொல்லுங்க, அடுத்த தடவை ஓரமா வந்து சிக்கச் சொல்லி."

மயில் எழுந்து இரண்டு எட்டு நொண்டியது, பிறகு ஓடியது. சித்தப்பா மிச்ச வலையை மடியில் வைத்துக் கிழிசலைத் தடவிக்கொண்டே இருந்தார். அணையில் அறுந்து போகிற வலையும் இப்படித்தான் என்று அப்போது சொன்னார். தண்ணீருக்கு அடியில் கிடந்து, யாரும் இழுக்க வராமலே மீனைப் பிடித்துக்கொண்டே இருக்குமாம். அதைக் கேட்ட பிறகு பல நாள் நான் அணைக்குள் கால் வைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் சேலை. மூன்று பக்கத்துக்கு அப்பா தெருவில் கேட்டு வாங்கிவந்த நைந்த சேலைகள். பன்றி இறங்குகிற ஓடைப்பக்கத்துக்கு அம்மா தகரப் பெட்டியைத் திறந்தாள். "கம்பெனிக்கு உடுத்த முடியாது, வீட்டுல உடுத்த நேரமில்ல. காட்டுக்காவது ஆகட்டும்" என்று பதினொன்றை எடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டாவதை, வெள்ளிப் பூப்போட்ட நீலத்தை, மட்டும் அடியில் வைத்து மூடிவிட்டாள். அது ஆயுத பூஜைக்கு. வருஷத்தில் அந்த ஒருநாள்தான் கம்பெனியில் மருந்தெல்லாம் பூட்டியிருக்கும், கேட்டில் முந்தானையைத் தேய்க்க மாட்டார்கள். பெண்கள் எல்லாரும் அன்றைக்கு என்று ஒன்று ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

பதினொரு சேலை கட்டியும் ஓடைப்பக்கம் ஒரு சேலை நீளத்துக்கு இடைவெளி விழுந்தது. அப்பா அதில் கருவேல முள்ளை வெட்டிப்போட்டார். பூஜைக்கு முந்தின நாள் நான் போய்ப் பார்த்தபோது, முள் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. ஈர மண்ணில் குளம்புத் தடம். உள்ளே பயிர் அப்போதுதான் விரல் நீளம் எழுந்திருந்தது.

எனக்கு யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பூஜை ஒருநாள், பன்றி தினமும். அம்மா வேலை முடிந்து வருவதற்குள் நீலச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு ஓடி, முள் கையைக் கிழிக்கக் கிழிக்கக் கட்டிவிட்டு வந்தேன். அம்மாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி ஒருபக்கம். அவள் பெட்டியைத் திறக்கப்போகிற பயம் ஒருபக்கம்.

காலையில் அம்மா குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தாள். கொஞ்சநேரம் உள்ளேயே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த முள் கீறலைப் பார்த்தாள்.

"எங்கட்டி?"

நான் காட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "சரி. தலையைச் சீவு. வண்டி வந்திரும்" என்றாள். பூஜைக்குப் பிள்ளைகளையும் ஆபீஸ் முன்னால் போட்ட பந்தல்வரை விடுவார்கள். அம்மா வெளுத்த பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஏறினாள். வண்டிக்குள் எல்லாரும் மினுமினுவென்று இருந்தார்கள்.

"ஏ கனி, என்னடி இன்னைக்கும் பருத்தி?" என்றாள் ஒருத்தி அம்மாவிடம்.

வண்டி எங்கள் காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னல் வழியே கையை நீட்டினாள். "இந்த வருசம் எங்க சோளத்துக்குத்தான் பூஜைச் சீலை. எனக்கு இல்ல."

வண்டியே சிரித்தது. "பன்னி பாத்துட்டுப் பொண்ணு கேட்டு வந்திரப் போகுது, கனி" என்று பின்னாலிருந்து யாரோ. அம்மா அதற்கும் ஒன்று சொன்னாள், இங்கே எழுத முடியாது. அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, வாய்விட்டுச் சிரித்தும் பார்த்ததில்லை. பந்தலிலும் கனி இங்க வா, கனி இதைப் பாரு என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். நான் பொரிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, எந்த அறை வெடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்றி அப்புறம் வரவில்லை. மழையும் ஏமாற்றவில்லை. தை மாதம் சோளம் வீடு வந்தது. சேலைகள் மட்டும் வெயிலில் நைந்து நார் நாராகிவிட்டன. பருத்தியாக இருந்தால் மண்ணோடு மக்கியிருக்கும். இவை மக்காது. நேற்றுவரைக்கும் உழும்போது கலப்பைக் கொழுவில் நீல நூல் சுற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது சாத்தூர்க் கடைகளில் பயிருக்கென்றே துணியும் வலையும் வந்துவிட்டன. நாற்றுக்கு மேலே கட்டப் பச்சை நிழல்வலை, கத்திரிக்காய்க்குப் பூச்சிவலை, பண்ணைக்குட்டைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமலிருக்க அடியில் விரிக்கிற கறுப்புப் பாய். நானும் வாங்குகிறேன். வாங்கி வந்து கவலைப்படுகிறேன். எத்தனை வெயில் தாங்கும், நைந்தால் எங்கே போடுவது, ஆடு தின்றால் என்ன ஆகும். எட்டாவதோடு நின்றவளிடம் யாரும் யோசனை கேட்கப்போவதில்லை. கேட்டால் சொல்வேன்: பன்றியைத் தடுக்க வேண்டும், மயில் காலை இறுக்கக் கூடாது. அறுந்து தண்ணீரில் விழுந்தால் ஒரு வருஷத்தில் தானாகக் கரைந்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் மண்ணுக்கு எருவாக வேண்டும். அப்படி ஒன்றை நெய்து, எங்களால் வாங்க முடிகிற விலைக்கு யாராவது கொடுங்கள்.

அந்த வருஷம் சோளத்தை விற்று முடித்த அன்று அப்பா சொன்னபடியே சொன்னார், "திங்கக்கிழமையிலேர்ந்து நீ போக வேண்டாம், புள்ள." வீட்டில் அம்மாவுக்கு அதுதான் பெயர். சித்தப்பாவுக்கு மதினி. எனக்கு அம்மா. அவள், "பாப்போம்" என்றாள். திங்கட்கிழமை விடியும்போதே எழுந்து தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சோளம்தான் நல்லா வெளஞ்சிருச்சே. பெறகு ஏம்மா போறே?"

அம்மா மூடியை அழுத்தி மூடினாள். "இங்கனயே இருந்தா என்னைய யாருட்டி பேரு சொல்லிக் கூப்பிடுவா?"

இவ்வளவுதானா என்று எனக்கு ஆறுதலாகிவிட்டது. இதற்குப் போய்க் கம்பெனியா? "நான் கூப்பிடுறேன்மா. தினமும் கூப்பிடுறேன்" என்றேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வெளியே நடந்தாள். வண்டி ஆரன் அடித்தது. நான் பின்னாலேயே ஓடி, "கனி, கனி" என்று கத்தினேன். அம்மா படியில் ஏறிக்கொண்டிருந்தாள். அதே நேரம் வண்டிக்குள்ளிருந்தும் யாரோ அதையே சொல்லிக் கூப்பிட்டார்கள். "இந்தா வந்துட்டேன்" என்றாள் அம்மா, உள்ளே பார்த்து.