சுருட்டின் ருசி கேட்டவர்

அலுவலக விருந்தில் சுருட்டு பிடிக்கத் தெரியாமல் முழிக்கக் கூடாது என்று, ஒத்திகைக்காகக் கச்சிபௌலியில் ஒரு சுருட்டுக் கடைக்குப் போனேன். கையால் சுருட்டிய கியூபா சுருட்டு. வீடியோவில் பார்த்தபடி அதைக் காதருகே உருட்டினேன். எதைக் கேட்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

எதிரே நரைத்த மீசையுடன் செகந்திராபாத் தமிழர் ஒருவர், பற்றவைக்காத சுருட்டை முகர்ந்துகொண்டிருந்தார்.

"டாக்டர் நக்கோ, கூடாதுன்னுட்டார். நீங்க பிடிங்க தம்பி, டேஸ்ட் எப்படின்னு சொல்லுங்க," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இழுத்தேன். "கோகோ, தேவதாரு, பதப்படுத்திய தோல்," என்று படித்ததை ஒப்பித்தேன்.

"அது டப்பாவிலேயே போட்டிருக்கு. உங்க வாயில என்ன இருக்கு?"

புகையை விழுங்கித் தொலைத்திருந்தேன். "தலை சுத்துது சார். வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"ஹவ், ஆமா," என்றார், முகம் மலர்ந்து. "எனக்கும் முதல் சுருட்டு அப்படித்தான். விழுங்காம மெல்ல இழுங்க. இப்ப சொல்லுங்க."

கருகின வெல்லம் மாதிரி, மழையில் நனைந்த சாக்கு மாதிரி என்று, சுருட்டு தீரும்வரை வாயில் பட்டதையெல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டவர், போகும்போது என் சட்டைக் கையை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போனார்.

அதற்கு முன்னும் பின்னும் என் பேச்சை யாரும் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அவர் நாக்குக்கு ஏதாவது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் இன்றும் தெரியவில்லை.