லாக்டோமீட்டர் காட்டிய கடல்

பால் சொசைட்டியில் தம்பிதுரையை ஏமாற்றிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவர் யாருமில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. காரமடையிலிருந்து துடியலூர் வரும் சாலையை விட்டு இரண்டு மைல் உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரில் அவர் பதினோரு வருஷமாகப் பால் பரிசோதகர். காலை ஐந்தரைக்கு ஒரு வரிசை, மாலை நாலரைக்கு ஒரு வரிசை. போசிப் பாத்திரத்தோடு வருகிறவர்களின் பாலை உயரமான குவளையில் ஊற்றி, அதில் லாக்டோமீட்டரை மிதக்க விடுவார். அடியில் ஈயக் குண்டும் கழுத்தில் எண்களும் கொண்ட கண்ணாடிக் குழல் அது. நல்ல பாலில் இருபத்தெட்டில் நிற்கும். தண்ணீர் சேர்ந்திருந்தால் அமுங்கிக் குறைத்துக் காட்டும். ஊர் அதை ‘டிகிரி’ என்றது. ஒரு முறை சொந்த மாமனாரின் பாலையே டிகிரி பற்றவில்லை என்று திருப்பி அனுப்பினார். மாமனார் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை.

அந்த மாமனாரின் மகள் அம்புஜத்துக்கு 1996 ஆடியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது ‘சுரீர்’ என்றது, அவ்வளவுதான். டிஸ்க் நகர்ந்திருக்கிறது, பலகைக் கட்டிலில் மூன்று மாதம் படுக்க வேண்டும் என்றார் கோயம்புத்தூர் டாக்டர். மூன்று மாதம் நீண்டுகொண்டே போனது. ஒரு நாளில் பதினைந்து வீடு சுற்றி வருகிற பெண்மணிக்கு உலகம் எட்டடிச் சுவராகச் சுருங்கிவிட்டது. விட்டத்தில் மூன்று பல்லி இருக்கிறது, அதில் ஒன்றுக்கு வால் இல்லை என்று அவள் ஒரு நாள் தம்பிதுரையிடம் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் பார்த்துக்கொண்டிருக்க நாலு தங்க மீன் வாங்கி வருவதாகச் சொல்லி அவர் கோயம்புத்தூர் உக்கடத்துக்கு பஸ் ஏறினார்.

கொண்டுவந்தது தங்க மீன் அல்ல. உக்கடத்தில் மீன் கடை வைத்திருந்த கலீல் ரஹ்மானிடம் மூன்றடித் தொட்டி ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. யாரோ மில்காரர் வீட்டுக்காக ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரையிலிருந்து வரவழைத்துத் தயார் செய்தது. ஜோசியர் கூடாது என்றதும் மில்காரர் வேண்டாம் என்றுவிட்டார். உள்ளே பாறைத் துண்டுகள், அவற்றில் ஒட்டிய இரண்டு மெத்தென்ற பவளங்கள், கோடு போட்ட ஒரு இறால், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி மீன்கள். நடுவில் ஒரு கடல் சாமந்தி. பேருக்குத்தான் பூ. உண்மையில் அது கல்லைப் பிடித்துக்கொண்டு நூறு விரல்களை விரித்து ஆட்டுகிற பிராணி. அந்த இரண்டு மீனும் அதன் விரல்களுக்குள் புகுந்து தூங்கின. தம்பிதுரை ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். கலீல் அவரை அளந்து பார்த்துவிட்டு, மில்காரர் கொடுத்த அட்வான்ஸ் இருக்கிறது, மீதிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நிபந்தனை ஒன்றுதான். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாகக் கலக்கிய உப்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும். உப்பு வெளிநாட்டிலிருந்து பொட்டலமாக வருவது. எவ்வளவு கலப்பது என்று பார்க்கத் தனி மீட்டர் உண்டு, தன்னுடையது உடைந்துபோயிற்று என்றார் கலீல். மறுவாரம் தம்பிதுரை வீட்டிலிருந்த பழைய லாக்டோமீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கடைத் தொட்டியில் விட்டதும் அது அழகாக இருபத்தைந்தில் நின்றது. கலீல் இரண்டு தரம் குனிந்து பார்த்துவிட்டு, பாலுக்கும் கடலுக்கும் ஒரே தராசா என்று சிரித்தார். தம்பிதுரைக்குப் பெருமை தாங்கவில்லை. கடல் இனி அவர் கைக்குள்.

இரண்டு மாதத்தில் பொட்டலம் தீர்ந்தது. சென்னையில் சரக்கு இறங்கவில்லை, எப்போது வருமென்று தெரியாது என்றார் கலீல். கடைக்குப் பின்னாலிருந்து ஒரு அரை மூட்டையை இழுத்துவந்து காட்டினார். அதே உப்புதான், மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கட்டி தட்டிவிட்டது, பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். தம்பிதுரை தொட்டுப் பார்த்தார். கருங்கல் மாதிரி இறுகி, மேலே பிசுபிசுவென்று கசிந்துகொண்டிருந்தது. கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது. அப்படியானால் நம்மூர்க் கல்லுப்பே போட்டுக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்றார் கலீல். வியாபாரி வேறெப்படிச் சொல்வார்?

மளிகைக் கடையில் தூத்துக்குடி உப்பு வெள்ளை வெளேரென்று, கையில் அள்ளினால் முத்து மாதிரி உதிர்ந்தது. ஒரு கிலோவுக்குச் சற்று மேல் போட்டு முப்பது லிட்டரில் கரைத்தார். லாக்டோமீட்டர் இருபத்தைந்தில் நின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகு இறால் செத்தது. அது வயதாகிச் செத்தது என்று வைத்துக்கொண்டார். பாறைகளில் படர்ந்திருந்த ஊதாப்பூச்சு அங்கங்கே வெளுத்தது. அம்புஜம்தான் முதலில் சொன்னாள்.

“ஏனுங்க, இந்தச் சாமந்தி முந்தியெல்லாம் எட்டு மணிக்கு விரிஞ்சுக்கும். இன்னைக்குப் பதினொண்ணாச்சு.”

அவர் குவளையில் தண்ணீர் மொண்டு, மீட்டரை மிதக்கவிட்டு, அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

“பாரு அம்மணி. இருபத்தஞ்சு. ஒரு புள்ளி கூடலே, கொறையலே.”

“உங்க குழாயி தண்ணியப் பாக்குது. நா அதைப் பாக்கறேன்.”

அதற்கப்புறம் தினமும் இதே கதை. அவர் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றி நேராகத் தொட்டிக்குப் போவார், மீட்டரைப் பார்ப்பார், திருப்தியாகத் தலையாட்டுவார். கட்டிலிலிருந்து, அது விரிந்த நேரம் வரும். பன்னிரண்டு. ஒன்றரை. ஒரு நாள் நேரம் எதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், கடல் சாமந்தி ஒரு நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கி வாயை இறுக்கியிருந்தது. ஜோடி மீன்கள் அதன் மேல் வந்து உரசிப் பார்த்துவிட்டு, போக இடமில்லாமல் ஒரு மூலையில் நின்றன. அம்புஜம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். டிஸ்க் நகர்ந்த அன்றுகூட அவள் அப்படிப் படுக்கவில்லை. அது செத்தால் அவள் பழையபடி பல்லி எண்ணப் போவாள் என்பது அவருக்குத் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை வரிசையில் நாச்சியம்மாள் வந்தார். ஒழுங்கான மனுஷி, பத்து வருஷமாகப் பால் ஊற்றுகிறவர். டிகிரி இருபத்தெட்டு. ஆனால் குவளையின் கண்ணாடியில் பால் ஒட்டவில்லை, நீலம் பாய்ந்து வழிந்தது. தம்பிதுரை கொழுப்புப் பரிசோதனைக்கு எடுத்துவைத்தார். இரண்டு சதவீதம்கூடத் தேறவில்லை. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். லேசாகக் கரித்தது.

வரிசையை நிறுத்திவிட்டு நாச்சியம்மாளை ஓரமாகக் கூப்பிட்டார். முந்தின நாள் பேத்திக்குச் சீர், வந்த சனத்துக்குக் காப்பி வைத்ததில் பால் போய்விட்டது, அளவு குறையக் கூடாதென்று பார்த்தேன் என்பது வரைக்கும் அந்த அம்மாள் முணுமுணுத்தார். பிறகு ரோஷம் வந்தது.

“டிகிரி செரியாத்தானுங்க இருக்குது, தம்பி?”

“டிகிரி செரியா இருந்தா அது பாலாயிருமாங்கக்கா? தண்ணியில உப்பைப் போட்டா மீட்டரு மேல வரத்தான் செய்யும். உள்ள பாலுல்ல இருக்கோணும்.”

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. கையில் குவளையோடு தம்பிதுரை அப்படியே நின்றார். நாச்சியம்மாள், சொசைட்டிக்கு எழுதிக்கொடுத்துத் தன் பாலை நிறுத்திவிடப் போகிறார் என்று நினைத்துக் கையைப் பிசைந்தார். அவர் எழுதவில்லை. பாலைத் திருப்பிக் கொடுத்து, இனிமேல் இப்படிச் செய்துபோடாதீங்க என்று மட்டும் சொல்லி, சொசைட்டி போனில் கலீலைக் கூப்பிட்டார்.

கலீல் ஒரு தடவைகூட ‘நான்தான் சொன்னேனே’ என்று சொல்லவில்லை. கடலில் சமையல் உப்பு மட்டும் இல்லை, சுண்ணாம்பு இருக்கிறது, கசப்பு உப்பு இருக்கிறது, பேர் தெரியாத எத்தனையோ இருக்கிறது என்றார். உப்பளத்தில் வெள்ளை உப்பு படிந்ததும் அந்தக் கசப்புத் தண்ணீரை வடித்து விட்டுவிடுவார்கள். நாக்குக்கு ஆகாதது பவளத்துக்கு ஆகாரம். மூட்டை கட்டி தட்டியதே அதனால்தான், கசப்பு உப்புதான் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் என்றார். அந்த அரை மூட்டை இன்னும் பின்னால்தான் கிடக்கிறது, நீங்கள் வருவீர்களென்று வைத்திருக்கிறேன் என்றார்.

அன்று மாலை வரிசையை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் போய் மூட்டையைக் கொண்டுவந்தார். வாசலில் சாக்கு விரித்துச் சுத்தியலால் உடைத்தபடி, கலீல் சொன்னதை அம்புஜத்துக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். உள்ளிருந்து பதில் வந்தது.

“அதானுங்களே. புது உப்பு வந்தா எங்கூட்ல கூடையில கொட்டி வடிய விடுவாங்க. வடியற தண்ணி வாயில வெக்க முடியாது, அத்தனை கசப்பு. தென்னமரத்துக்குத்தான் ஊத்துவோம்.”

“இதை முன்னாலயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க எங்கிங்க கேட்டீங்க? மீட்டரைத்தான கேட்டீங்க.”

அவர் அடுத்த கட்டியைச் சாக்கில் எடுத்து வைத்து உடைத்தார்.

ஒரேயடியாக மாற்றினால் தாங்காது என்று கலீல் சொல்லியிருந்தார். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் காற்று ஊத வைத்து, உப்பைக் கரைத்து, தினம் ஒரு குடம் வெளியே, ஒரு குடம் உள்ளே. இந்த உப்பிலும் லாக்டோமீட்டர் அதே இருபத்தைந்தைத்தான் காட்டியது. இரண்டு தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாத அந்தக் கண்ணாடிக் குழலைத் தம்பிதுரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கி எறியவில்லை. கலக்கும்போது அது வேண்டும். துடைத்து அலமாரியில் வைத்தார்.

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பவளம் கரைந்து போயிற்று. ஆறாம் நாள் சாமந்தியின் இறுக்கம் தளர்ந்த மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எட்டாம் நாள் சாயந்திரம் நாலு விரல் வெளியே வந்து, ஆடிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. அம்புஜம் இரண்டு தலையணை கேட்டு வாங்கித் தலையை உயர்த்திக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலை வரிசை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது மணி எட்டரை. செருப்பைக் கழற்றினார். கால் பழக்கத்தில் அலமாரிப் பக்கம் திரும்பியது. பிடித்து நிறுத்தி, தொட்டியையும் பார்க்காமல், கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

“எத்தனை மணிக்கு அம்மணி?”

அம்புஜம் உடனே சொல்லிவிடவில்லை. இத்தனை நாள் கேட்காதவர் கேட்கிறார், கொஞ்சம் காத்திருக்கட்டுமே.

“ஏழேகாலுக்குங்க,” என்றாள். “சின்ன மீனுதான் மொதல்ல போய்ப் படுத்துச்சு. பெருசு இன்னும் நம்பலே.”