மூன்றாவது சொட்டு

அவள் மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப் போகிறது? வயிறு எரிந்தது. ஒன்றரை வருடம் விடாமல் எரிந்தது. ஓசூரில் கீரை விற்கிற அம்மா வரைக்கும் கையில் செல்போன் வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நான் வேளாண்மையில் முதுகலை முடித்துவிட்டு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். அவளும் அதே வேலையில் அதே நாளில் சேர்ந்தாள். திட்டம் முடியும்போது எங்கள் இருவரில் ஒருவரைத்தான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்வேன் என்று பேராசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு சீட்டு, இரண்டு பேர். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் கொஞ்சம் நல்லவளாக இருந்திருப்பேனோ என்னவோ.

திட்டம் ஒரு துறைக்குள் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. ஜனங்கள் காட்டில் பயிர் வேலையை விட்டுவிட்டு ஓசூர் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். மாதாமாதம் சம்பளம் வருகிறது. தட்டிலிருந்து கேழ்வரகுக் களி போய் ரேஷன் அரிசிச் சோறு வருகிறது. வருமானம் ஏறும்போது அந்த வீட்டுப் பெண்களின் உடம்பில் ரத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா? இதுதான் கேள்வி. பொருளாதாரக்காரர்கள் வீட்டு வரவைக் கேட்கச் சொன்னார்கள், பயிர்க்காரர்கள் புது ரகக் கேழ்வரகு விதை கொடுத்தார்கள், உடலியல்காரர்கள் விரலில் குத்தி ரத்தத்தில் இரும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் வீடு வீடாகப் போய்ச் செய்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். மத்தூர்ப் பக்கம் களி தின்கிற கிராமங்கள் எனக்கு. ஓசூரில் கம்பெனி ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகள் அவளுக்கு.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஓசூர்க் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் ஆனவர். நான் இங்கிலீஷ் மீடியம். அவள் சிங்காரப்பேட்டைக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அண்ணன் தன் படிப்பை நிறுத்திவிட்டுக் கம்பெனிக்குப் போய் அவளைப் பொருளாதாரம் படிக்க வைத்திருந்தான், அதுவும் தமிழ் வழியில். பார்த்த உடனே, 'இவளா எனக்குப் போட்டி?' என்று நினைத்தேன். அந்தத் திமிர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

முதல் வாரம் இருவரையும் சேர்த்தே லைன் வீடுகளுக்கு அனுப்பினார்கள். முந்தின நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். நான் படிவத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு முறையாகக் கேட்டேன். "சோறு, சாம்பாரு, பொரியலு, முட்டைங்க மேடம்," என்றாள் அந்த வீட்டுப் பெண். பக்கத்து வீட்டிலும் முட்டை. அதற்கடுத்த வீட்டிலும் முட்டை. அடேயப்பா, லைன் முழுக்கக் கோழிப் பண்ணைதான் போல என்று நானும் எழுதிக்கொண்டே போனேன். அவள் படிவத்தைத் தொடவே இல்லை. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அக்கா, நேத்து என்னென்ன பாத்திரம் வெளக்கினீங்க?" என்று கேட்டாள்.

"எங்க கண்ணு, ஒரு குண்டான், ஒரு தட்டு. மீந்த சோத்துல தண்ணி ஊத்தி ஊறுகா வச்சித் தின்னுட்டு ஷிப்டுக்கு ஓடினன்."

முட்டை போன இடம் தெரியவில்லை. மாதக் கூட்டத்தில் பேராசிரியர் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். "சாப்பிட்டதைக் கேட்டா மானத்துக்காகக் கூட்டிச் சொல்வாங்க. பாத்திரம் பொய் சொல்லாது. நீயும் இப்படியே கேளும்மா," என்று என்னைப் பார்த்து வேறு சொன்னார். மத்தூரில் போய் நானும் அதே கேள்வியைக் கேட்டேன். அந்த வீட்டம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எதுக்கு மேடம், வெளக்கித் தர வந்தீங்களா?" என்றாள்.

தெலுங்கு வீட்டில் அவள் தெலுங்கு பேசினாள், கன்னட வீட்டில் கன்னடம். போன வீட்டிலெல்லாம் அவள் கண்ணு, நான் மேடம். அவளுக்கு டீ, எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. வீட்டுக்கு வந்தால் அம்மா வேறு, "என்னட்டி, மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க? அந்தப் பிள்ள என்ன ஒஞ் சோத்தையா புடுங்குது?" என்பாள். ஆமாம்மா, என் சோற்றைத்தான் பிடுங்குகிறாள் என்று மனசுக்குள் கத்துவேன்.

அவளிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. படிவத்தைப் பிரித்தால் ஜனங்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதால், வீடுகளில் கேட்டதையெல்லாம் அந்த நோட்டில்தான் குறித்துக்கொள்வாள். பிறகு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்துப் படிவத்தில் எழுதுவாள். மத்தூரிலிருந்து பஸ் இறங்கி நானும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள் அவள் கண் வலிக்கிறது என்றபோது நோட்டிலிருந்த சாப்பாட்டுக் கணக்கை நானே படித்துச் சொல்லியும் இருக்கிறேன். இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது.

ரத்தம் எடுக்க ஒரு லேப் டெக்னீஷியன் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கை சில்லென்று இருந்தால் வெந்நீரில் கழுவச் சொல்லுங்கள், மோதிர விரலின் ஓரத்தில் ஒரே குத்தாக அழுத்திக் குத்துங்கள், முதல் இரண்டு சொட்டைத் துடைத்துவிட்டு மூன்றாவது சொட்டை மீட்டரில் வையுங்கள், விரலைப் பிதுக்காதீர்கள், பிதுக்கினால் சதையில் இருக்கிற நீர் கலந்து அளவு குறைத்துக் காட்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மத்தூரில் அந்தப் பெண்களின் கையைப் பிடித்ததும் தலையாட்டினது எல்லாம் மறந்துபோயிற்று. களை பிடுங்கிப் பிடுங்கி விரல் நுனி காய்த்துப் போயிருந்தது. குத்த எனக்குப் பயம். பட்டும் படாமலும் குத்துவேன், ரத்தம் வராது, பிதுக்குவேன். "மேடம், அது வெரலு. மாட்டுக் காம்பு இல்ல," என்று ஒருத்தி சொல்ல, கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பிதுக்கினேன்.

அறுவடைக்குப் பிறகு கணக்கெல்லாம் அட்டவணையாக வந்தது. என் களி தின்கிற பெண்களின் ரத்தம் கீழே, அவளுடைய ரேஷன் அரிசிப் பெண்களின் ரத்தம் மேலே. அந்தக் கேழ்வரகுக்காக வெயிலில் வயல் வயலாகப் போய்க் கதிர் எண்ணியவள் நான். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிற பெண்களுக்கு ரத்தம் அதிகமாம், என் பெண்களுக்குக் குறைவாம். எப்படி நம்புவது? இவள் கதை எழுதுகிறாள் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டினேன் என்பதைவிட, அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் நிஜம்.

பேராசிரியர் அறைக்குப் போனேன். "சார், அவ படிவத்தை பஸ் ஸ்டாண்டுல உக்காந்து நிரப்புறா. நானே பாத்திருக்கேன்."

"எத்தனை தடவை?"

"தினமும் சார்."

ஒரு வார்த்தை பொய் இல்லை பாருங்கள். நோட்டு என்கிற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாளே அவளிடமிருந்து மீட்டரையும் படிவங்களையும் வாங்கிக்கொண்டு, விசாரித்து முடிக்கிற வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யார் புகார் சொன்னது என்று பேராசிரியர் அவளிடம் சொல்லவில்லை. சரிபார்ப்பதற்கு அவளுடைய லைன் வீடுகளுக்கு என்னையே அனுப்பினார். அங்கேயும் குத்தினேன், அங்கேயும் பிதுக்கினேன், அங்கேயும் அளவு இறங்கியது. பார்த்தாயா, மாட்டிக்கொண்டாள் என்று மனசு குதித்தது. பேராசிரியர் என் தாளைப் பார்த்துவிட்டு, "அவளை ரொம்ப நம்பியிருந்தேன்," என்றார். முனைவர் பட்டத்துக்கான விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்து நிரப்பச் சொன்னார். அன்றைக்கு அம்மா கேசரி கிண்டினாள். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். நன்றாகவே இறங்கியது, இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் போன் செய்து ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னாள். தெரிந்துவிட்டது, சண்டை போடப் போகிறாள் என்று பதிலுக்கு நானும் நாலு வார்த்தை தயார் செய்துகொண்டு போனேன். ஃபர்ஸ்ட் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வீட்டில் சும்மா இருக்க முடியாதே, பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தாள். நீல யூனிபாரம், விரல் இடுக்கில் கிரீஸ். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. தயார் செய்த நாலு வார்த்தையும் எனக்கு மறந்துபோயிற்று.

"யாரோ சாருகிட்ட என்னப் பத்தித் தப்பா சொல்லிட்டாங்க," என்றாள். "நான் நோட்டப் பாத்துதான் எழுதுவன்னு உனக்குத் தெரியுமில்ல? நீதான பக்கத்துல உக்காந்திருந்த. உன்ன உட்டா எனக்கு வேற யாரு சாட்சி? சாரு என் போன எடுக்கவே மாட்டங்கறாரு. இந்தா, இந்த நோட்டக் காட்டி நீ சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

நோட்டை என் கையில் கொடுத்தாள். "சொல்றேன்," என்று வாங்கிக்கொண்டேன். டீ வாங்கித் தரட்டுமா என்று வேறு கேட்டேன். அதுவரை ஒரு நாளும் அவளுக்கு நான் டீ வாங்கித் தந்ததில்லை.

அந்த நோட்டு ஒன்பது நாள் என் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் எடுத்துப் படித்தேன். 'கை சில்லுனு இருந்தது, வெந்நீரில் கழுவின பிறகு குத்தினேன். மூணாவது சொட்டு.' 'விரல் காய்ப்பு, ஓரமாக ஒரே குத்து. மூணாவது சொட்டு.' பக்கத்துக்குப் பக்கம் இதேதான். மத்தூரில் அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தப்பு என் கையில் இருக்கிறது. தெரிந்த பிறகாவது எழுந்து ஓடினேனா என்றால், இல்லை. துணிக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டு, எல்லாவற்றிலும் சரியாகத்தான் இருப்பாளா இவள் என்று அவள் மேலேயே எரிச்சல் பட்டேன்.

பேராசிரியர் சும்மா விடுகிற ஆள் இல்லை. என் பக்கத்திலிருந்து சிலர், அவள் பக்கத்திலிருந்து சிலர் என்று தேர்ந்தெடுத்து, நர்ஸை அனுப்பி முழங்கை மடிப்பில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்தது. அவள் எழுதியதெல்லாம் சரி. நான் எழுதியதெல்லாம் குறைவு, கிராமத்திலும் சரி, லைன் வீட்டிலும் சரி. தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உன் கையிலதான் ஏதோ கோளாறு, அது இருக்கட்டும். உக்காந்த இடத்துல இட்டுக்கட்டி எழுதுனவளுக்கு இவ்வளவு சரியா எப்படிம்மா வரும்?"

மனசாட்சி என்கிற பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். அந்தக் கேள்விக்கு அந்த நோட்டைத் தவிர வேறு பதில் இல்லை. மறுநாள் கொண்டுபோய் அவர் மேசை மேல் வைத்தேன். இரண்டு மூன்று பக்கம் புரட்டினார்.

"இது உன்கிட்ட எப்படி வந்தது?"

"அவ குடுத்தா சார். உங்ககிட்ட காட்டச் சொல்லி. இத பாத்துத்தான் அவ பஸ் ஸ்டாண்டுல எழுதுவா. எனக்கு அது மொதல்லயே தெரியும்."

"தெரிஞ்சேதான் வந்து சொன்னியா?"

"தெரிஞ்சேதான் சார்."

"ஏம்மா?"

"பொறாமை சார்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

சீட்டு அவளுக்குப் போயிற்று. என் கிராமங்களில் அவளே மறுபடி ரத்தம் எடுத்தாள். கடைசியில் களி தின்றவர்களுக்கும் அரிசி தின்றவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லையாம், என் கேழ்வரகும் என் பக்கம் நிற்கவில்லை. மாதக் கடைசியில் நான் விலகி ஒரு விதைக் கம்பெனியில் சேர்ந்தேன். அவளுக்குச் சீட்டு கிடைத்ததுதான் நியாயம் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

சில மாதம் கழித்துக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஊருக்குப் போகப் பையோடு நின்றிருந்தாள். ஒளிந்துகொள்ளத் தூண் இருந்தது, ஆனாலும் போனேன். மன்னித்துவிடு என்றேன். அவள் பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"சாரு சொன்னாரு," என்றாள். "பொறாமன்னு சொன்னியாமே."

"ஆமா."

"கோவத்துல கேக்கல, நெசமாவே கேக்கறன். எங்கிட்ட என்னா இருந்துச்சுன்னு பொறாமப்பட்ட? உங்கப்பா சூப்பர்வைசரு. ஓசூர்ல சொந்த வூடு. இங்கிலீஷ்ல தடதடன்னு பேசற. எங்கிட்ட என்னா கண்ட நீ?"

"நீ என்னைவிட நல்லா வேலை செஞ்ச," என்றேன்.

"எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்," என்றாள். "அதையும் இல்லன்னு போயி சொல்லிட்டியே."

சிங்காரப்பேட்டை பஸ் வந்து நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு ஏறிப் போய்விட்டாள்.