ஒரு ஆளுக்கான இறக்கை

போன மாதம் என் வீட்டுக்காரர் ஒரு பெரிய இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் மண் மூட்டைகளை அடுக்கினார். பக்கத்தில் நின்று மூட்டை எடுத்துக் கொடுத்தது... சாட்சாத் நானேதான்!

அவருக்கு அருப்புக்கோட்டையில் லேத் பட்டறை. மலைப்பக்கம் போய் ஹேங் கிளைடரில் பறக்கப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து, சொந்தமாக ஒன்றை டிசைன் செய்யாமல் ஓய மாட்டேன் என்று நின்றார். அலுமினியக் குழாய்களை முக்கோணமாக இணைத்து, மேலே துணியை இழுத்துக் கட்டிய இறக்கை. இன்ஜின் கிடையாது. காற்றுதான் தாங்க வேண்டும்.

"ஒரு ஆளு மட்டும் போறது" என்றார்.

"எங்க உக்காருவீக?"

"உக்கார முடியாது. நடுக்குழாய்ல பெல்ட்டு மாட்டித் தொங்கணும். உடம்பை எந்தப் பக்கம் நகட்டுறமோ, அந்தப் பக்கம் திரும்பும்."

"பெல்ட்டு அறுந்தா?"

"அதுக்குத்தான ரெண்டு போட்டிருக்கேன்."

"ரெண்டும் அறுந்தா?"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் குனிந்துவிட்டார். சரியான கேள்வியைக் கேட்டால் மட்டும் இந்த ஆண்களுக்கு ஏன் காது கேட்பதில்லை?

பரளச்சி பக்கம் எங்கள் புஞ்சையில்தான் அந்தச் சோதனை. "பறக்கையில காத்து கீழருந்து மேல தள்ளும். கவுத்துப் போட்டு மண்ணை ஏத்துனா அதே பாரம்தான்" என்றார். இறக்கையின் நடுவில் மட்டும் முட்டுக் கொடுத்திருந்தார். உரச்சாக்கில் கரிசல் மண். ஏற்ற ஏற்ற, இறக்கை மெல்ல வளைந்தது.

"போதும்ங்க. உங்க எடையைப் போல எத்தனையோ மடங்கு ஏத்தியாச்சு."

"திடீர்னு காத்து தூக்குச்சுன்னா இதைவிட பாரம் விழும். இன்னொண்ணு குடு."

கொடுத்தேன். டமார்! இறக்கையை விரித்துப் பிடிக்கும் குறுக்குக் குழாய் மடங்கி, மூட்டைகள் சரிந்தன.

அப்பாடா, ஒழிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அவரோ சிரிக்கிறார்! "நல்லவேளை, தரையிலேயே ஒடிஞ்சிருச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் குழாயை நம்பியல்லவா தொங்க இருந்தார்? அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கனமான குழாய் போட்டார். மறுபடி மூட்டை ஏற்றினோம். ஒடியவில்லை. எனக்குத்தான் சாக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

போன ஞாயிறு காலை, வறண்டு கிடந்த கண்மாய். கரைச் சரிவில் இறக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடிய கால்கள் தரையில் இல்லை! என் தலைக்கு மேல் நிழல் போனது. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று... வலது இறக்கை கீழே சாய்ந்தது.

"எறங்குங்க! ஏங்க, எறங்குங்க!" கத்தினேன். என்னவோ பஸ்ஸிலிருந்து இறங்கச் சொல்வது போல!

அவர் உடம்பை இடப்பக்கம் தள்ளினார். இறக்கை நிமிர்ந்தது. கொஞ்ச தூரம் மிதந்து, முழங்காலால் மண்ணைக் கிழித்துக்கொண்டு இறங்கினார்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். முழங்காலில் சிராய்ப்பு.

"பாத்தியா... தாங்கிருச்சு" என்றார். திட்ட வாயெடுத்தவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

குடித்துவிட்டுக் கரையை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த உயரம் பத்தாது. மலை வேணும்."

நம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் பொட்டல்தானே என்று நிம்மதியாக இருந்தேன். நேற்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார்... "தேனி மலைப்பக்கம் போற பஸ்ஸு டாப்புல லோடு ஏத்துவாகளா?"